ராட்சசனுக்கும் பசிக்கும்!

எங்கள் ஊர் கீழவாஞ்சூர். பேரைச் சொன்னதும் லேசாகச் சிரிக்கிறீர்கள் பாருங்கள்... அதுதான் பிரச்னை! "ஓ... செக்போஸ்ட் பக்கத்துலயா ஸார்?" என்று கேட்டுவிட்டு, கட்டைவிரலை வாய்க்கு நேரே கொண்டுபோய்க் காட்டாத ஆளை நான் இதுவரை சந்தித்ததில்லை. தெற்கே எட்டிப் பார்த்தால் நாகூர், தமிழ்நாடு. வடக்கே திருமலைராயன்பட்டினம், அதைத் தாண்டினால் காரைக்கால். நடுவில் எல்லைக்கோட்டை ஒட்டி நாங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லை தாண்டிச் சாதுவாக வருகிறவர், ஒன்பது மணிக்கு கடோத்கஜனாகத் திரும்பிப் போவதைத் திண்ணையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். டிக்கெட் கிடையாது.

ஆனால் ஒரிஜினல் கடோத்கஜனை நான் பார்த்தது திண்ணையில் அல்ல. பக்கத்து வீட்டு டி.வி-யில்.

அதற்கும் முன்னால் பார்த்தது நேபாள மந்திரவாதியை. எனக்கு எட்டோ ஒன்பதோ வயசு. ஞாயிற்றுக்கிழமை, 'பாதாள பைரவி' போட்டிருந்தார்கள். பாய் விரித்து இருபது பேர். அந்த ஆசாமி திரையில் வந்து நின்றார். தாடி, புருவம், உருட்டுகிற கண். கத்தக்கூட இல்லை ஸார், சும்மா ஒரு பார்வை பார்த்தார். நான் அப்பாயியின் முந்தானைக்குள் போய்விட்டேன். அன்றைக்கு ராத்திரி கொல்லைப்பக்கம் போகத் துணைக்கு ஆள் தேவைப்பட்டது. அதற்கப்புறம் ஒரு மாசத்துக்கும் தேவைப்பட்டது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கொஞ்ச நாள் கழித்து இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தடவை 'படிக்காத மேதை'. எங்கப்பா நெல் மண்டியில் கணக்குப்பிள்ளை. ஒரு நாளைக்கு மொத்தமே ஏழெட்டு வாக்கியம்தான் பேசுவார், அதில் நாலு, "சாப்ட்டியா?" அப்படிப்பட்டவர் அன்றைக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வளர்த்த பிள்ளை மாதிரி இருந்த சிவாஜியை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டு, பெரியவர் நொந்துபோய் நிற்கிறார். பின்னணியில் பாரதியார் பாட்டு, சீர்காழி கோவிந்தராஜன் குரல். பெரியவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். அந்தக் கண்!

"அப்பா... இது அந்த மந்திரவாதிதானே?"

"அது வேஷம்டா தம்பி. இதுதான் அந்த மனுஷன்."

நான் நம்பவில்லை. இரண்டில் எது வேஷம் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். அந்தச் சந்தேகத்தில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை. ஆசாமியின் பெயர், எஸ்.வி.ரங்காராவ்.

சாமர்ல வெங்கட ரங்காராவ் பிறந்தது 1918 ஜூலை 3-ம் தேதி, ஆந்திராவில், அன்றைய கிருஷ்ணா மாவட்டத்தில் இருந்த நூஜிவீடு ஊரில். சினிமாவுக்கு வரும் முன் அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? தீயணைப்பு இலாகா அதிகாரி! சர்க்கார் உத்தியோகம், யூனிஃபார்ம், முதல் தேதி சம்பளம். கூடவே ஒரு வியாதி, நாடகப் பைத்தியம். காக்கிநாடாவில் 'யங் மென்ஸ் ஹேப்பி கிளப்' என்று ஒரு நாடகக் குழு இருந்தது. நடிகை அஞ்சலி தேவி, ரேலங்கி எல்லாம் அந்தக் கூட்டம்தான். அங்கே மேடை ஏறியவர். ஷேக்ஸ்பியரையும் ஒரு கை பார்த்தவர். நெருப்பை அணைக்கிற வேலையில் இருந்தவருக்கு, உள்ளே எரிந்ததை மட்டும் அணைக்க முடியவில்லை. (இந்த வரியை நான் எழுதாமல் விட்டால் ஆசிரியர் கோபித்துக்கொள்வார்!)

உத்தியோகத்தை விட்டார். முதல் படம் 'வரூதினி' என்ற தெலுங்குப் படம். அதில் அவர் வில்லன் இல்லை ஸார், கதாநாயகன்! படம் படுத்தது. படுத்த படத்தின் ஹீரோவுக்கு மறுபடி யார் ஃபோன் பண்ணுவார்கள்? மனுஷன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஜாம்ஷெட்பூருக்குப் போய், டாட்டா கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன். ஏனென்றால் நானும் ஒரு பி.காம். ஒரு ஆடிட்டர் ஆபீஸில் மூன்று வருஷம் அடுத்தவர் லாபத்தைக் கூட்டிக் கழித்துவிட்டு, ஒரு நாள், 'எழுதப் போகிறேன்' என்று வெளியே வந்தவன். வந்த ஆறாவது மாசம் எனக்கும் ஒரு ஜாம்ஷெட்பூர் தேவைப்பட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய ஏழெட்டு வாக்கியத்தில் "சாப்ட்டியா" மட்டும் நாலிலிருந்து ஆறாயிற்று. அதனால், ஜாம்ஷெட்பூரில் டாட்டா கம்பெனி சங்கு ஊதியதும் டிபன் கேரியரோடு நடந்து போகிற ரங்காராவை என்னால் சுலபமாகக் கற்பனை செய்ய முடிகிறது. முப்பதை நெருங்குகிற வயசு. ஒரு தடவை முயற்சி பண்ணித் தோற்றாகிவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதோடு அடங்கி, பிராவிடண்ட் ஃபண்டை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

இவர் திரும்பி வந்தார். 1949-ல் 'மன தேசம்' படத்தில் சின்ன வேஷம். என்.டி.ராமராவ் என்கிற ஒல்லியான புதுப்பையனுக்கு அதுதான் முதல் படம். அவருக்கும் சின்ன வேஷம்தான், போலீஸ் இன்ஸ்பெக்டர். அடுத்த வருஷம் விஜயா புரொடக்‌ஷன்ஸ் தன் முதல் படமாக 'ஷாவுகாரு' எடுத்தது. அதில் ரங்காராவுக்கு ஒரு தெரு ரௌடி வேஷம். ரௌடி என்றால் சும்மா மீசையை முறுக்குகிற ரௌடி இல்லை. பேட்டை ஜனங்கள் அடையாளம் சொல்லக்கூடிய ரௌடி. தயாரிப்பாளர்கள் நாகிரெட்டியும் சக்ரபாணியும் அவரை விடவில்லை. 1951-ல் கே.வி.ரெட்டியின் டைரக்‌ஷனில் 'பாதாள பைரவி', தெலுங்கிலும் தமிழிலும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், ஆபீஸ் நண்பர்கள் கவனிக்கவும். அந்த நேபாள மந்திரவாதி பார்க்க அறுபது வயசுக் கிழவர் மாதிரி இருப்பார். படம் வெளிவந்தபோது ரங்காராவுக்கு முழுசாக 33 கூட ஆகவில்லை! ஹீரோ ராமராவைவிட ஐந்து வயசுதான் பெரியவர்.

இன்றைக்குப் பார்த்தால், அந்த மந்திரவாதியிடம் பயமுறுத்துவது மந்திரம் அல்ல, பொறுமை. அவனுக்கு ஒரு குறிக்கோள் இருக்கிறது. வீரமான ஒரு இளைஞனைப் பிடித்துப் பைரவிக்குப் பலி கொடுத்தால், கேட்டதெல்லாம் தரும் பதுமை கிடைக்கும். அதற்காக ஊர் ஊராகத் தேடி, இளவரசி மேல் ஆசைப்பட்ட ஏழைப் பையனைக் கண்டுபிடித்து, அவன் ஆசையையே தூண்டிலாகப் போட்டு இழுத்து வருகிறான். நடப்பது, திரும்புவது, பேச்சை நடுவில் நிறுத்தி எதிராளியை அளப்பது எல்லாமே ஒரு நல்ல இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் மாதிரி இருக்கும். மந்திரவாதிகளை எனக்கு இப்போது பயமில்லை. அந்த மாதிரி பொறுமையாகப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் இன்னும் பயம்.

ராட்சச வேஷம் கட்டிப் பேர் வாங்குவது நம்ம ஊரில் மட்டும் நடந்த கதையில்லை. ஹாலிவுட்டில் போரிஸ் கார்லாஃப் என்று ஒருவர். நிஜப்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். லண்டனில் 1887-ல் பிறந்தவர். 1931-ல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில், பிணங்களை ஒட்டுப்போட்டு ஒரு விஞ்ஞானி உண்டாக்கும் அந்தப் பூதமாக வந்து உலகத்தையே அலற வைத்தவர். அவருக்கும் கலெக்டர், கான்சல் மாதிரி உத்தியோகம் பார்க்கட்டும் என்றுதான் குடும்பம் எதிர்பார்த்தது. ஓடிப்போய், கனடாவில் உடம்பால் உழைத்து, ஊர் ஊராக நாடகம் போட்டு, லாரி கூட ஓட்டி, 44-வது வயசில்தான் வெளிச்சத்துக்கு வந்தார். அப்பவும் படத்தின் ஆரம்ப டைட்டிலில் பூதத்துக்கு நேரே அவர் பெயர் இல்லை. ஒரு கேள்விக்குறிதான் போட்டிருந்தார்கள்!

இதில் நம்ம கடற்கரைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. கார்லாஃபின் அப்பா வேலை பார்த்தது இந்திய உப்பு வரி இலாகாவில்! குடும்பத்தில் இந்திய ரத்தமும் உண்டு. ஆக, உலகத்தின் நம்பர் ஒன் பூதம், ஒரு உப்பு ஆபீஸரின் பிள்ளை. உப்புக்காக இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் 1815-ல் ஒப்பந்தமே போட்டுக்கொண்டது எங்கள் காரைக்காலையும் சேர்த்துத்தான். நாங்கள் கொஞ்சம் சொந்தம் கொண்டாடினால் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் ஒரு கட்டம். ஏரிக்கரையில் ஒரு சின்னப் பெண் பூதத்தைப் பார்த்துப் பயப்படாமல் பூ கொடுக்கும். இருவரும் பூவைத் தண்ணீரில் போட்டு மிதக்க விடுவார்கள். பூ தீர்ந்ததும், பெண்ணும் மிதக்கும் என்று நினைத்துப் பூதம் அவளையே தூக்கித் தண்ணீரில் போட்டுவிடும். கொலை செய்யும் எண்ணமே கிடையாது. அந்தக் காட்சியை அந்தக் காலத்தில் பல இடங்களில் வெட்டித்தான் காட்டினார்கள். வெட்டியதால் கெட்டது பூதத்தின் பேர்தான்! ஏதோ ஆகாததைச் செய்துவிட்டது என்று ஜனங்களே கற்பனை செய்துகொண்டார்கள்.

ஆனால் அந்தப் பூதத்துக்கும் நம்ம ராட்சசனுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அது அநாதை. பேரில்லை, ஊரில்லை, அந்த முதல் படத்தில் பேச்சும் இல்லை. நம்ம ராட்சசன் அப்படியா? அவனுக்கு அம்மா உண்டு, மனைவி உண்டு, தவமிருந்து வாங்கிய வரம் உண்டு, சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை உண்டு. சங்கீத ஞானம்கூட உண்டு, ராவணனைக் கேட்டுப் பாருங்கள்! தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்திக்கு விடிய விடிய பாகவத மேளா நடக்கும். பிரகலாத சரித்திரம். அதுவும் தெலுங்கில். தூணிலிருந்து நரசிம்மர் வருவதற்குத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். ஆனால் ராத்திரி பூரா நாடகத்தைத் தோளில் சுமப்பது இரணியன்தானே!

பேய் என்றாலே விரட்டுகிற ஊரும் இல்லை இது. காரைக்கால் அம்மையார் கதை தெரியாதவர் உண்டா? அழகெல்லாம் வேண்டாம், பேய் உருவம் கொடு என்று சிவனிடம் கேட்டு வாங்கிக்கொண்ட புண்ணியவதி. எலும்பும் தோலுமாகத் தலையாலே நடந்து கயிலாயம் போனவளைப் பார்த்து, சிவபெருமான் கூப்பிட்டது "அம்மையே" என்று. ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவில் மொட்டை மாடியிலிருந்து மாம்பழம் வீசுகிறோமே, அது ஒரு பேயின் ஞாபகார்த்தம்தான். அப்படிப்பட்ட ஊரிலே பிறந்துவிட்டு ஒரு மந்திரவாதிக்குப் பயந்தேனே, வெட்கம்!

சரி, 'மாயா பஜார்' படத்துக்கு வருவோம்.

1957. மறுபடி விஜயா, மறுபடி கே.வி.ரெட்டி, கேமரா மார்க்கஸ் பார்ட்லி. தெலுங்கில் மார்ச் மாசமும், தமிழில் ஏப்ரலிலும் வெளிவந்தது. கிருஷ்ணராக இரண்டிலும் ராமராவ். அபிமன்யு தெலுங்கில் நாகேஸ்வரராவ், தமிழில் ஜெமினி கணேசன். கல்யாண மாப்பிள்ளையாக வந்து அவமானப்படும் லட்சுமண குமாரன் தெலுங்கில் ரேலங்கி, தமிழில் நம்ம டணால் தங்கவேலு. ஆளை மாற்ற முடியாத இடங்களில் ஒன்று கடோத்கஜன். இரண்டிலும் ரங்காராவ்தான்.

எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது அந்தக் கல்யாண விருந்துப் பாட்டு. தமிழில் திருச்சி லோகநாதன் குரல். மாப்பிள்ளை வீட்டாருக்கு என்று அண்டா அண்டாவாக வைத்திருக்கும் பட்சணத்தின் நடுவே ராட்சசன் தன்னந்தனியாக உட்கார்ந்து, ஒரு கை பார்க்கிறான். லட்டு வரிசையாகத் தானே எழுந்து வந்து வாய்க்குள் போகிறது. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் என்ற பேச்சே இல்லாத காலம்! ஆனால் லட்டு பறந்தது கேமராமேன் கெட்டிக்காரத்தனம். அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அது எந்த ட்ரிக் ஷாட்டிலும் வராது. நல்ல பசியில் பந்தியில் உட்கார்ந்து, இலை போட்டாகிவிட்டது, சாம்பார் வாளி இரண்டு ஆள் தள்ளி வந்துகொண்டிருக்கிறது என்கிறபோது உங்கள் முகம் எப்படி இருக்கும்? அதே முகம்! ராட்சசப் பசியை நடித்துக் காட்டாமல், நம்ம பசியையே பத்து மடங்காக்கிக் காட்டினார். சிரித்துக்கொண்டே, 'அடடா, நாமளும் சாப்பிட்டிருக்கலாமே' என்று தோன்ற வைத்த ராட்சசன் உலகத்தில் அவர் ஒருத்தர்தான்.

எனக்குப் பிடித்த கட்டம் அதற்கு முந்தியது. சுபத்திரையும் அபிமன்யுவும் காட்டு வழியில் வருகிறார்கள். யாரோ அந்நியர் தன் எல்லைக்குள் நுழைந்துவிட்டதாக நினைத்து கடோத்கஜன் பாய்கிறான். சண்டை. அப்புறம்தான் தெரிகிறது, வந்தவள் சித்தி, அடித்தது தம்பியை! அந்த மலை மாதிரி உடம்பு அப்படியே சுருங்குகிறது பாருங்கள். சித்தப்பா வீட்டில் கண்ணாடியை உடைத்துவிட்ட பையன் நிற்பான் இல்லையா, அந்த நிற்பு. கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர் நிறைய பேர் உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டே வெட்கப்படத் தெரிந்தவர் இவர்தான்.

அதைவிடப் பெரிய பாராட்டை அவருக்குக் கொடுத்தது சாவித்திரி. கதைப்படி, வத்சலாவைக் காட்டுக்குக் கொண்டுபோய் ஒளித்து வைத்துவிட்டு, கடோத்கஜனே வத்சலா உருவத்தில் அரண்மனையில் உட்கார்ந்திருக்கிறான். அதாவது பார்க்க சாவித்திரி, உள்ளே ரங்காராவ்! தனியாக இருக்கும்போது அந்த நடை, தோள் அசைப்பு, இல்லாத மீசையை நினைத்துக்கொள்கிற கை... சட்டென்று ஆள் வந்தால் நாணிக் கோணுகிற பெண். சாவித்திரி நடித்ததிலேயே பிரமாதமான கட்டம் இது என்பது என் கட்சி. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருத்தர் நடையை இன்னொருத்தர் நடந்து காட்டினால், அரங்கம் பூராவும் யார் என்று கண்டுபிடிக்கிறது என்றால், அந்த நடை எவ்வளவு ஆழமாக ஜனங்கள் மனசில் பதிந்திருக்க வேண்டும்! அப்போது ரங்காராவுக்கு வயசு 38.

இதற்கப்புறம் அசுரர் குலமே அவர் வீட்டு வாசலில் க்யூவில் நின்றது. 1963-ல் தெலுங்கு 'நர்த்தனசாலா' படத்தில் கீசகன். திரௌபதி மேல் கண் வைத்து, பீமன் கையில் சாகிற காமுகன். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு பொறுக்கி வேஷம். அதற்குத்தான் 1964-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள்! 1967-ல் ஏவி.எம்-மின் 'பக்த பிரகலாதா' படத்தில் இரணியன். எதிரே பிரகலாதனாகக் குழந்தை ரோஜாரமணி. அப்புறம் பாபுவின் தெலுங்கு 'சம்பூர்ண ராமாயணம்' படத்தில் ராவணன்.

இரணியனைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளையை யானைக் காலில் போடு, பாம்பை விடு என்று உத்தரவு போடுகிற அப்பன். சாதாரண நடிகர் கண்ணை உருட்டிக் கத்திவிட்டுப் போவார். இவர் ஒவ்வொரு தடவையும் உத்தரவு போடுவதற்கு முன்னால் பிள்ளையிடம் ஒரு தடவை கெஞ்சுவார். 'என் பேரைச் சொல்லிவிடேண்டா, விஷயம் முடிந்தது' என்கிற மாதிரி ஒரு குழைவு. அது நடக்காது என்று தெரிந்ததும்தான் கோபம். "நான் சொல்ற கோர்ஸ்ல சேர்றா" என்று ஆரம்பித்து, "வீட்டை விட்டுப் போடா" என்று முடிக்கிற எத்தனை அப்பாக்களை நாம் பார்த்திருக்கிறோம்! தூண் மட்டும்தான் பாக்கி.

அதனால்தானோ என்னவோ, தமிழ் சினிமா அவரை அப்பாவாகத் தத்து எடுத்துக்கொண்டது. 1955-ல் 'மிஸ்ஸியம்மா' ஜமீன்தார். 1963-ல் 'நானும் ஒரு பெண்' படத்தில் கறுத்த மருமகள் விஜயகுமாரிக்கு மாமனார். அதே வருஷம் 'கற்பகம்'. மகள் இறந்த பிறகு, மருமகனுக்குத் தானே முன்நின்று இன்னொரு கல்யாணம் செய்துவைக்கும் பெரியவர். 'அன்னை', 'கை கொடுத்த தெய்வம்', 'எங்க வீட்டுப் பிள்ளை'... எல்லாவற்றிலும் தோளில் துண்டோ, சால்வையோ போட்டுக்கொண்டு வந்து நிற்பார், வீடு நிறைந்துவிடும்.

'படிக்காத மேதை' வந்தது 1960-ல். அப்போது ரங்காராவுக்கு நாற்பத்திச் சொச்சம்தான். சிவாஜியைவிடப் பத்தே வயசு மூத்தவர்! எங்கப்பா டி.வி. முன்னால் துண்டால் கண்ணைத் துடைத்தபோது அவருக்கும் ஏறக்குறைய அதே வயசு. தன்னைவிடப் பெரியவர் ஒருத்தர் அழுவதைப் பார்த்து அழுவதாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு அநியாயமும் இருக்கிறது. முதல் படத்தில் ஹீரோவாக வந்தவர், முப்பத்திரண்டு வயசிலேயே கிழவராக்கப்பட்டு, கடைசி வரைக்கும் கிழவராகவே வைக்கப்பட்டார். அவரோடு 'மன தேசம்' படத்தில் தலைகாட்டிய ராமராவ் ஐம்பது வயசு தாண்டியும் டூயட் பாடினார். போஸ்டரில் ஹீரோ முகம் பெரிசு. இவர் முகம் மூலையில். கீசகனுக்கு ஜகார்த்தா கொடுத்த கௌரவத்துக்குச் சமமாக நம்ம ஊர் என்ன கொடுத்தது என்று கேட்டால் தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது. ஆந்திராவில் 'விஸ்வநட சக்ரவர்த்தி' என்று பட்டம் கொடுத்தார்கள். தானே தயாரித்து டைரக்ட் செய்த 'சதரங்கம்', 'பாந்தவ்யாலு' இரண்டுக்கும் ஆந்திர அரசின் நந்தி விருது கிடைத்தது. 'பாந்தவ்யாலு' வேறொன்றுமில்லை, தமிழில் அவரே நடித்த 'கண் கண்ட தெய்வம்' கதைதான். கடைசியில் தான் டைரக்டர் ஆனபோதும் அவர் தேர்ந்தெடுத்தது மாய மந்திரக் கதை அல்ல. அண்ணன் தம்பிக் குடும்பக் கதை.

அந்தப் பெரிய உடம்பில் இதயம் மட்டும் ஒத்துழைக்கவில்லை. 1974 ஜூலை 18-ம் தேதி, சென்னையில், மாரடைப்பு. 56-வது பிறந்தநாள் முடிந்து பதினைந்தே நாள். ஆபீஸில் ரிடையர் ஆவதற்கே இன்னும் வருஷம் பாக்கி இருக்கிற வயசு! அடுத்த வருஷம் 'யசோதா கிருஷ்ணா' வெளிவந்தது. அதில் அவர் கம்சன். ஆள் போன பிறகும் திரையில் ஒரு அசுரன் மிச்சம்.

பிறகு நடந்ததெல்லாம் சுருக்கமாகச் சொல்லலாம். 2010-ல் தெலுங்கு 'மாயா பஜார்' படத்துக்குக் கலர் பூசி வெளியிட்டார்கள், கூட்டம் வந்தது. இந்திய சினிமா நூற்றாண்டையொட்டி 2013-ல் வெளியிட்ட தபால்தலைகளில் அவருக்கும் ஒன்று. அதே வருஷம் ஒரு டி.வி. சேனல் நடத்திய வாக்கெடுப்பில், இந்தியாவின் மிகச் சிறந்த படமாக ஜனங்கள் தேர்ந்தெடுத்தது 'மாயா பஜார்' படத்தைத்தான். 2018-ல் சாவித்திரி கதையாக வந்த 'நடிகையர் திலகம்' படத்தில் ரங்காராவாக மோகன்பாபு வந்துபோனார். தியேட்டரில் என் பக்கத்து சீட் இளைஞர், "யார் ப்ரோ இது?" என்று கேட்டார். இண்டர்வெல் முழுக்க அவருக்கு விளக்கம் சொல்லி, என் பாப்கார்ன் ஆறிப்போனது.

போன மாசம் அக்கா பையன் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தான். ஆறு வயசு. எது போட்டாலும் ஒரு நிமிஷத்தில் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகிற தலைமுறை. என் ஃபோனில் 'மாயா பஜார்' விருந்துக் காட்சியைப் போட்டுக் கொடுத்தேன். தள்ளவில்லை. திரும்பத் திரும்ப மூன்று தடவை பார்த்தான். அப்பா மெதுவாக வந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தாத்தா, இவரு நல்லவரா கெட்டவரா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "பாவம், நல்ல பசிடா அவருக்கு" என்றார்.

பையன் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு தொடையிலும் தட்டி, "லட்டு கொண்டா!" என்று கத்தினான். வீட்டில் லட்டு இல்லை. அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு நாகூர் பக்கம் கிளம்பினார்.